சுகந்தி அக்கா கூட்டிய வீடு

"உங்கட வீட்டுத் தூசியாலதான் அவ செத்தவ" என்று அன்று செத்தவீட்டில் சுகந்தி அக்காவின் தமையனிடம் நான் சொல்லவில்லை. லண்டனிலிருந்து வந்திறங்கிய களைப்போடு, நிமோனியா என்று அவர் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா போய்விட்ட செய்தி எனக்கு ஸ்கேன் அறையில்தான் வந்தது. நாங்கள் இருவரும் சேர்ந்து வேலை செய்த அறை. படுத்திருந்த நோயாளிக்குப் படம் எடுத்து முடித்த பிறகே அழப் போனேன்.

அவரை அறிந்தவர்களுக்கு அந்த முகக்கவசம் நினைவிருக்கும். சிறுநீரகம் மாற்றியவர். அதை உடல் தள்ளிவிடாதிருக்கக் குடித்த மருந்து, கிருமிகளை எதிர்க்கும் வலுவையும் குறைத்திருந்தது. பஸ்ஸில் யாராவது பகிடி பண்ணினால், "நான் காத்தையும் வடிச்சுத்தான் குடிக்கிறனான்" என்பார்.

இதெல்லாம் தெரிந்தும் தமையன் அக்காவுக்குப் போன் எடுத்தார். நயினாதீவுத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வருகிறார்களாம். புங்குடுதீவில் நெடுங்காலம் பூட்டிக்கிடந்த வீட்டைத் துப்பரவாக்க வேண்டுமாம். வெளியாட்களை விட்டால் சாமான் களவு போகும், நீயே செய் என்றாராம். வௌவால் எச்சமும் பூஞ்சணம் பிடித்த மெத்தைகளுமாய்க் கிடந்த வீட்டை அக்கா தனியே கூட்டினார். "அண்ணை கேட்டால் ஏலாதெண்டு சொல்லிப் பழக்கமில்லை" என்றார் என்னிடம்.

அவர்கள் திரும்பிப் போனபின் அக்காவுக்குக் காய்ச்சல். நான்தான் ஸ்கேன் எடுத்தேன். "மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லும். எனக்கென்ன தெரியும்?" என்று சிரித்தார். எழும்பி வந்து திரையைப் பார்த்தார். நுரையீரலில் உருண்டைக் கட்டிகள். அவற்றைச் சுற்றி, கசிந்த இரத்தம் மங்கல் வளையமாய்த் தெரிந்தது. எதிர்ப்பு வலு குறைந்தவர்களின் நெஞ்சில் பூஞ்சணம் இறங்கினால் பலவேளை படம் இப்படித்தான் இருக்கும். இருவரும் முன்பே பார்த்திருக்கிறோம்.

"சுத்தவரப் பனிப்புகார் கட்டியிருக்கு" என்றார். "அண்ணைக்குச் சொல்லாதையும்."

மருந்து தொடங்கினார்கள். உடல் எதிர்த்து மீளத் தொடங்கினால், கட்டியின் ஓரத்தில் பிறைபோல ஒரு காற்றுக்கீற்று தெரிவதுண்டு. அடுத்தடுத்த படங்களில் அந்தப் பிறையைத் தேடினேன். வரவேயில்லை.

செத்தவீட்டில் தமையன் அந்த வீட்டுச் சாவியை என்னிடம் நீட்டினார். "தங்கச்சி, அடுத்த திருவிழாவுக்கு நீர் ஒருக்கால் கூட்டிவிடும்." ஓம் என்று வாங்கினேன். அக்காவினுடையது என்று நான் வைத்திருந்தவை அந்தச் சாவியும் அந்த முதற் படமும்தான்.

இந்த வருஷம் அவர்கள் வந்தபோது வீடு பூட்டியபடியே இருந்தது. கேற்றடியில் வைத்துச் சாவியையும் ஒரு விளக்குமாற்றையும் கொடுத்தேன். படத்தை வெயிலுக்கு நேரே பிடித்து, வளையங்களை விரலால் காட்டி, அன்று சொல்லாததைச் சொன்னேன். சொல்லாதையும் என்று கேட்ட அக்கா என்னை மன்னிக்கத் தேவையில்லை.

அவர் விளக்குமாற்றோடு உள்ளே போனார். வீடு முழுவதையும் தானே கூட்டினார். அவருக்கு ஓர் இருமல்கூட வரவில்லை.