இடது காலால் விமானம் ஓட்டிய மெஹருன்னிசா டீச்சர்

மெஹருன்னிசா டீச்சர் நேற்று காலை இறந்துவிட்டார். ஹார்ட் அட்டாக். கூத்தாநல்லூரில், அவர் வீட்டிலேயே.

பழைய ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தது. மாலையில் நல்லடக்கம். மன்னார்குடியிலிருந்து பஸ் பிடித்துப் போய்விட்டு வந்தேன்.

ஒரே பள்ளிக்கூடத்தில் எட்டு வருஷம் வேலை பார்த்தோம். அவர் தையல் டீச்சர், நான் கம்ப்யூட்டர் லேப். அடுத்தடுத்த அறைதான், ஆனாலும் அப்போது பெரிய பழக்கம் கிடையாது.

பழக்கமே அவருக்கு ஸ்ட்ரோக் வந்த பிறகுதான். வலது கை விழுந்துவிட்டது, வலது காலும் இழுத்துக்கொண்டது. வேலையை விட்டுவிட்டார்.

ஒருநாள் போன் வந்தது. "தம்பி, மவன் துபாய் போறப்ப அவன் பிளேன் ஓட்டுற சாமானெல்லாம் இங்கயே வச்சிட்டுப் போயிட்டான். வந்து கம்ப்யூட்டர்ல மாட்டிக் குடுங்களேன்."

"யாருக்கு டீச்சர்?"

"எனக்குத்தான். பிசியோகாரரு பந்தைப் புடி பந்தைப் புடின்னு உசுர வாங்குறாரு. எத்தன நாளைக்கு ஒரு பந்தையே புடிக்கிறது?"

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் ஃபிளைட் சிமுலேட்டர் பைத்தியம் எனக்கும் உண்டு. போனேன்.

ஒரு ஜாய்ஸ்டிக், கீழே இரண்டு பெடல். எதை அசைத்தால் விமானத்தில் என்ன நடக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். பைண்டிங் என்போம். இரண்டு கையும் இரண்டு காலும் இருப்பவனுக்கே அரை நாள் வேலை.

ஸ்டிக் வேறு வலது கைக்காரர்களுக்காகச் செய்தது. டீச்சர் இடது கையில் பிடித்ததும் பாதிப் பட்டன்கள் எட்டவில்லை. அதோடு ஸ்டிக்கை முறுக்கினாலும் விமானம் திரும்பும், பெடலை மிதித்தாலும் திரும்பும் என்று கம்ப்யூட்டர் தானாகவே இரண்டுக்கும் ஒரே வேலையைக் கொடுத்து வைத்திருந்தது.

"என்ன தம்பி, கிரைண்டர் மாதிரி நின்ன எடத்துலயே சுத்துது?"

பெடலுக்கு இருந்த வேலையை எடுத்தேன். சுற்றுவது நின்றது. அடுத்து எஞ்சின் வேகம்... அதற்குத்தான் இன்னொரு கை வேண்டும்.

"வேகத்த கம்ப்யூட்டரே பாத்துக்கற மாதிரி வச்சிடலாம் டீச்சர்."

"அப்பறம் நான் எதுக்கு? எடது காலு நல்லாத்தான இருக்கு. தையல் மோட்டார மிதிக்கற மாதிரி மிதிச்சிட்டுப் போறேன்."

விமானத்தில் யாரும் அப்படி ஓட்டுவதில்லை என்றேன்.

"இங்க யாரு வந்து பாக்கப் போறா?"

இடது பெடலை வேகத்துக்குப் போட்டேன். தலைகீழாக வேலை செய்தது. காலை எடுத்தால் விமானம் பறந்தது, மிதித்தால் நின்றது. டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். செட்டிங்கில் ஒரு டிக் போட்டதும் சரியானது. பிரேக்கை ஆள்காட்டி விரலுக்குக் கொடுத்தேன்.

மிச்சம் ஃபிளாப்ஸ். இறங்கும்போது வேகம் குறைவதற்காக இறக்கையின் பின்பக்கத்தைக் கீழே சாய்ப்பது. ஸ்டிக்கிலேயே இடது கைக்கு எட்டுகிற ஒரு பட்டன் காலியாக இருந்தது.

"அத வலது கைக்குக் குடுங்க."

"டீச்சர், அந்தக் கை..."

"ஒரு வேலையாச்சும் குடுங்க தம்பி. சும்மாவே மடியில கெடக்கு."

கீபோர்டில் வலது ஓரத்தில் இருக்கும் பெரிய என்டர் கீயில் போட்டுக் கொடுத்தேன். அவர் இடது கையால் வலது கையைத் தூக்கி அதன்மேல் வைத்துக்கொண்டார்.

விரல் அழுந்தவில்லை. ஃபிளாப்ஸ் இறங்காமல், விமானம் திருச்சி ரன்வேயின் கடைசி வரைக்கும் போய் மண்ணில் இறங்கிவிடும். மாதக்கணக்கில் இதே கதை. சில ஞாயிற்றுக்கிழமை போவேன், டீ குடித்துவிட்டு வருவேன்.

ஒரு ஞாயிறு நான் பக்கத்தில் இருந்தேன். வழக்கம்போல ரொம்ப முன்னாலேயே விரலை அழுத்தத் தொடங்கிவிட்டார். உதட்டைக் கடித்துக்கொண்டு, வியர்த்துப்போய்... கீ மெல்ல இறங்கியது.

விமானம் மூக்கைத் தூக்கி, வேகம் குறைந்து, ரன்வேயில் தொட்டது.

டீச்சர் திரையைப் பார்க்கவே இல்லை. கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், பிரேக்! பிரேக்!"

புல்லில் போய்த்தான் நின்றது. "நிக்கட்டும் தம்பி," என்றார். மறுபடி ஒருமுறை அழுத்திப் பார்த்தார். அழுந்தியது.

அதற்குப் பிறகு ஊர் மேலெல்லாம் ஓட்டுவார். திரையில் வரும் கூத்தாநல்லூரில் அவர் தெரு இல்லை என்று குறை. "குறுவை அறுத்து பத்து நாளாச்சு, இவன் இன்னும் பச்சையாவே காட்டுறான்" என்று இன்னொரு குறை.

போன மாதம் சாஃப்ட்வேர் அப்டேட்டில் செட்டிங் எல்லாம் அழிந்துபோனது. ஒரு நடை போய்ச் சரிசெய்தேன். அவசரத்தில் ஃபிளாப்ஸை ஸ்டிக் பட்டனில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதுதானே சுலபம் என்றும் நினைத்தேன்.

சாயந்திரமே போன். "தம்பி, என் கையோட வேலைய ஏன் புடுங்கிட்டீங்க?"

இந்த ஞாயிறு வருகிறேன் என்றேன். போகவில்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை. வேலை என்று சொல்லலாம்... அவ்வளவு ஒன்றும் வேலை இல்லை.

மூன்றாவது வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். கோணலாக எடுத்த திரை. ஃபிளாப்ஸுக்கு நேராக என்டர் கீ. அவரே தேடி, அவரே மாற்றியிருந்தார். கீழே "நானே போட்டுட்டேன்" என்று ஒரு வரி.

நான் கட்டைவிரல் எமோஜி ஒன்று போட்டேன். பஸ்ஸில் இருந்தேன். அதுதான் கடைசி.

நேற்று அவர் மகனைப் பார்த்தேன். துபாயிலிருந்து அடக்கத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்.

டீச்சர், நீங்கள் போட்டது சரியாக இருந்தது. அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும்.

போயிட்டு வாங்க.