காணி காட்டப் போன நாள்

காணியைக் காட்ட வரச் சொல்லித் தகவல் வந்த அன்று அம்மா செருப்பைக் கழுவி வெயிலில் காயவைத்தார். முப்பது வருடத்துக்கு மேலாக ஆமியின் முட்கம்பிக்குள் கிடக்கிற காணிக்குள் அழுக்குச் செருப்போடு போகக் கூடாதாம். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. கந்தோரில் லீவு சொல்லிவிட்டு, உடுவிலில் நாங்கள் இருக்கிற வாடகை வீட்டிலிருந்து அவரைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

நில அளவையாளர் வருவார், உரிமையாளர்கள் தங்கள் எல்லையைக் காட்ட வேண்டும். அடுத்தடுத்த காணிக்காரர் இருவரும் ஒத்துக்கொண்டால் அந்த இடத்தில் எல்லைக் கட்டையாக முளை அடிப்பார்கள். முளை விழுந்த காணிகளைத்தான் விடுவிப்பது பற்றிப் பேசுவார்கள். உள்ளே இருக்க அரைநாள் அனுமதி. அம்மாவுக்கு அந்த முளை வேண்டும். செத்தால் சொந்த வீட்டு வளவிலிருந்துதான் தன்னைத் தூக்க வேண்டும் என்பது அவர் பிடித்த பிடி.

ஆமியின் சூட்டுப் பயிற்சி நடக்கும் என்று எங்களுக்கு முன்பே தெரியும். காணி விடுவிப்பு என்று யாராவது வாய் திறந்தால் போதும், கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பயிற்சி தொடங்கிவிடும், வெடிச்சத்தம் எங்கள் வீடுவரை கேட்கும். வழக்குத் தவணைக்கு முதல்நாள் பயிற்சி. கொழும்பிலிருந்து குழு வந்தால் பயிற்சி. நாங்கள் வேலியோரம் பதாகையோடு குந்தியிருந்தால் கொஞ்சம் கூடுதலாகவே பயிற்சி. மற்ற நாட்களில் அதே ஆட்கள் எங்கள் தோட்ட மண்ணில் கத்தரிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருப்பார்கள். கேட்டால் பாதுகாப்பு என்பார்கள். யாரிடமிருந்து பாதுகாப்பு? செருப்புக் கழுவுகிற என் அம்மாவிடமிருந்தா?

பக்கத்துக் காணிக்காரரும் எங்களோடு உள்ளே வந்தார். ஓய்வுபெற்ற வாத்தியார், இப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் மகள் வீட்டில் இருக்கிறார். அம்மாவுக்கு அவர் அண்ணை, அவருக்கு அம்மா தங்கச்சி. எத்தனையோ போராட்டங்களில் ஒரே குடைக்குள் இருந்து ஒரே பிளாஸ்க்கில் தேநீர் குடித்தவர்கள். கம்பியைத் தாண்டியதும் இருவரும் குனிந்து மண்ணைத் தொட்டுக் கும்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் சண்டை தொடங்கிவிட்டது.

வீடுகள் இல்லை, வேலியும் இல்லை. வட்டு முறிந்த மொட்டைப் பனை ஒன்று மட்டும் நின்றது.

"இந்தப் பனை எங்கடை வளவுக்குள்ளை நிண்டது," என்றார் அம்மா.

"உது எல்லைப் பனை, தங்கச்சி. பாதி என்ரை."

"ஆர் சொன்னது? தெருப்பக்கப் பாதி வேலி நீங்கள் அடைக்கிறது, பின்பக்கப் பாதி நாங்கள் அடைக்கிறது. எங்கடை பாதி இந்தப் பனையிலைதான் முடியும்."

"வேலியைப் பனையோடை கட்டினாப்போலை பனை உங்கடையே?"

ஓலையும் இல்லாத, நுங்கும் இல்லாத மரம். அதைச் சுற்றி இருந்தது ஒரு முழ நிலம்.

அப்போது பக்கத்து வெளியில் விசில் ஊதினார்கள். சிப்பாய்கள் வரிசையாக ஓடி, கத்தி, விழுந்து, எழும்பிச் சுட்டார்கள். வெறும் வெடிதான், குண்டு இல்லை என்று எங்களோடு வந்திருந்த கிராம அலுவலர், விதானையார், சொன்னார். நான் பனைக்குப் பின்னால் ஒதுங்கினேன். மற்றக் காணிக்காரர்கள் பதறியடித்துக்கொண்டு ஏதோ ஓர் இடத்தைக் காட்டி, முளையை அடிப்பித்துக்கொண்டு வெளியே போனார்கள். அம்மாவும் வாத்தியாரும் தலையைக்கூடத் திருப்பவில்லை.

ஒரு அதிகாரி வந்தார். "அம்மா, இங்க பயிற்சி இருக்கு. எல்லாரும் வெளிய போகணும்."

"கொஞ்சம் பொறும் தம்பி. நான் இவரோடை கதைச்சு முடிக்கிறன்," என்றார் அம்மா.

நில அளவையாளர் கையெடுத்துக் கும்பிடாத குறை. "இணக்கமில்லை எண்டு நான் எழுதினா உங்கடை ரெண்டு காணியும் விடுவிப்புப் பட்டியலிலை கடைசிக்குப் போயிடும். ஆராவது ஒராள் விட்டுக் குடுங்கோவன்."

அம்மாவின் முகம் மாறியது. "சரி, அவரே எடுக்கட்டும். முளையை அடியுங்கோ."

அதோடு முடிந்திருக்க வேண்டும். வாத்தியாருக்கு ரோசம் வந்துவிட்டது. "எனக்கு ஆரும் தானம் தரத் தேவையில்லை. பாதியெண்டா பாதி."

இருவரையும் அந்தப் பனையிலேயே கட்டிவைக்கலாம் போலிருந்தது எனக்கு. அதற்குள் சிப்பாய்கள் எங்கள் காணிக்குள்ளாகவே சுட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள். காதுக்குப் பக்கத்தில் வெடித்தது. புழுதியில் ஒன்றும் தெரியவில்லை. நில அளவையாளர் கருவியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பாராமல் நடந்தார். எங்களுக்கு முளை விழவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா முன்னுக்கு இருந்தார், வாத்தியார் கடைசி ஆசனத்தில். அம்மா அவரைப் பாராமலே இறங்கினார்.

அதன் பிறகு பயிற்சி நின்றுவிட்டது. மாதக்கணக்காக அந்தத் திசையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அம்மாவால்தான் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வாசல் படலைக்குப் போவார், கிணற்றடிக்கு வருவார். ரேடியோவை நிறுத்தச் சொல்வார், நிறுத்தியதும் காதைக் கொடுத்து நிற்பார். என்ன அம்மா என்று கேட்டால் எரிந்து விழுவார். ஒரு பின்னேரம் தானாகவே வாத்தியாருக்குப் போன் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"அண்ணை, நான்தான். உங்கடை பக்கம் வெடிச்சத்தம் ஏதும் கேட்டதே?"

"இல்லைத் தங்கச்சி. நானும் ஒவ்வொரு நாளும் மேல்மாடியிலை ஏறி நிண்டு பாக்கிறன். ஒண்டுமில்லை."

"அப்ப ஆரும் எங்கடை காணியைப் பற்றிக் கதைக்கேல்லை."

"ஓம். கதைச்சிருந்தாச் சுட்டிருப்பாங்கள்."

அம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எங்களை வெருட்டக்கூடத் தேவையில்லாமல் போச்சே, அண்ணை," என்றார்.

அம்மா பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.