திங்கட்கிழமை இஞ்சிப் பீர்

பங்களாவில் இஞ்சிப் பீர் போட்டது நான்தான். அது கெட்டுப்போனதும் என் கையில்தான். ஆனால் திருடியது நான் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் இதைச் சொல்லவிடாமல் என் வாயை அடைக்கப் பார்த்தார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். புருஷன் செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இரணியலுக்குத் தெற்கே ஒரு மிஷன் பங்களாவில் எனக்கு அடுக்களை வேலை. அங்கே இருந்தது ஒரே ஒரு வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா. பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். வெயில் காலத்தில் அவருக்குச் சோறுகூட வேண்டாம், இஞ்சிப் பீர் இருந்தால் போதும். ஆனால் பீர் என்ற சொல் அவர் வாயில் வராது. ‘இஞ்சித் தண்ணீர்’ என்பார்.

இஞ்சியை இடித்து, சீனி போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் எலுமிச்சை பிழிந்து ஜாடியில் ஊற்றி, ஒரு கரண்டி கள் விடவேண்டும். கள் இல்லாவிட்டால் நுரைக்காது. மறுநாள் வடிகட்டிக் குப்பியில் அடைத்து, தக்கையை நூலால் கட்டி இரண்டு நாள் வைத்தால், திறக்கும்போது தக்கை உத்தரத்தில் போய் இடிக்கும். எனக்கு முன்னால் இருந்த சமையல்காரர் சொல்லிக்கொடுத்த முறை இது. “மிஸ்ஸியம்மா கேட்டா புளிச்ச மாவுன்னு சொல்லு” என்று சொல்லிவிட்டுப் போனார். மிஸ்ஸியம்மா கேட்கவே இல்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று அவருக்கும் பயம் இருந்திருக்கும்.

எங்கள் சபையில் எல்லாரும் கள்ளைத் தொடமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டவர்கள். நானும் போட்டேன். ஆகவே கள்ளைக் கரண்டியால் அளப்பேன், நாக்கில் வைக்கமாட்டேன். அதில் எனக்குப் பெரிய பெருமை வேறு.

கள் என் அண்ணனின் பனையிலிருந்து வந்தது. அவன் கலயங்களின் உள்ளே சுண்ணாம்பு தேய்த்து, புளிக்காத அக்கானி, அதாவது பதநீர், இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுகிறவன். ஒரே ஒரு கலயத்தை மட்டும் சுண்ணாம்பு இல்லாமல் கட்டுவான். அதில் ஊறும் கள் ஊரார் ஆப்ப மாவுக்கும் என் ஜாடிக்கும். ஆப்பத்துக்கு என்றால் சபையும் கண்டுகொள்ளாது.

அந்தக் கோடையில் என் பீருக்குப் பித்துப் பிடித்தது. ஒரு தடவை போட்டால் துள்ளும். அடுத்த தடவை பிணம்போலக் கிடக்கும், குடித்தால் சப்பென்று ஒரு மண் ருசி. வாரந்தோறும் வந்து இரண்டு டம்ளர் இறக்கிவிட்டுப் போகும், எங்கள் சபையை நடத்தும் உபதேசியாருக்கு ஒருநாள் அந்தச் சப்பென்ற குப்பி போய்ச் சேர்ந்தது. ஒரு வாய் குடித்தார், என்னைப் பார்த்தார். “பாதியைக் குடிச்சிட்டு வெள்ளம் ஊத்தி வச்சிருக்கா, மிஸ்ஸியம்மா” என்றார்.

மிஸ்ஸியம்மா என்னிடம் வேதப் புத்தகத் தமிழில், “நீ அப்படிச் செய்தாயா?” என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பவில்லை. வருகிற இராப்போசன ஞாயிற்றில், அப்பமும் ரசமும் கொடுக்கும் நாளில், சபை முன்னால் எழும்பி மன்னிப்புக் கேட்கவேண்டும், கேட்காவிட்டால் இராப்போசனப் பந்தியும் கிடையாது, பங்களா வேலையும் கிடையாது என்று உபதேசியார் தீர்ப்புச் சொன்னார். மூன்று வாரம் இருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. செய்யாததற்கு மன்னிப்பா? இந்தப் பீரின் குடலை உருவிப் பார்த்துவிடுவது என்று இறங்கினேன். இஞ்சியை மாற்றினேன். கிணற்று வெள்ளத்தில் கோடையில் உப்பு ஏறும் என்று ஓடையிலிருந்து சுமந்து வந்தேன். குப்பிகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்து வெந்நீரில் அவித்தேன். தக்கைகளைப் புதிதாகச் செதுக்கினேன். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்றுவது, இல்லாவிட்டால் எது கெடுக்கிறது என்று தெரியாது. எதை மாற்றியும் பலன் இல்லை. கடைசியில்தான் உறைத்தது, செத்துக் கிடந்த ஜாடி எல்லாம் திங்கட்கிழமை போட்டவை. முந்தின நாள் சாயங்காலம் இறக்கிய கள்தான் முதிர்ந்திருக்கும் என்று நான் வாங்கி வருவது வழக்கம். அப்படியானால் அது ஞாயிற்றுக்கிழமைக் கள்.

அடுத்த திங்கட்கிழமை அந்தக் கள்ளை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். கையெழுத்து போனால் போகட்டும். இனித்தது. இனிப்புக்குப் பின்னால் சுண்ணாம்பு.

நேரே அண்ணனிடம் போய், கள்ளில் சுண்ணாம்பு எப்படி வந்தது என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“ஞாயிறு பனை ஏறாம இருந்தா பாளை அடஞ்சு போவும் மக்கா. ஏறுயது பாவந்தான். கர்த்தருக்க நாளிலயாவது கலயத்தில கள்ளு நுரைக்காண்டாம்னு இந்தக் கோடையில இருந்து அதிலயும் இத்திரி சுண்ணாம்பு தேச்சேன்.”

“அதை எனக்கிட்ட சொல்லப்பிடாதா?”

“உனக்க ஜாடியும் ஓய்வுநாளை ஆசரிக்கட்டும்னு நெனச்சேன்.”

சிரிப்பதா அவனை அடிப்பதா என்று தெரியவில்லை. சபையில் தன் பெயர் வந்துவிடுமோ என்று அவன் நடுங்கினான். “உனக்க பேரு எனக்க வாயில வராது” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இராப்போசன ஞாயிறு வந்தது. உபதேசியார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பெண்கள் பக்கப் பாயிலிருந்து எழும்பினேன்.

“இஞ்சிப் பீரை நுரைக்கவைக்கியது கள்ளாக்கும்,” என்றேன். “நல்லா இருந்த நாளெல்லாம் அதில கள்ளு உண்டு. ருசியில்லாத திங்கட்கிழமையில மட்டும் கலயத்தில சுண்ணாம்பு விழுந்து அது அக்கானியா இருந்து. பாவமில்லாத பீரு போட்ட நாளிலதான் நீங்க என்னைக் கள்ளின்னு சொன்னிய. நீங்க அப்படிச் சொல்லுயது வரை நான் ஒரு துளி நாக்கில வச்சதில்ல. பொறவு ருசி பாக்க ஒரு விரல் தொட்டேன், அவ்வளவுதான். குடிச்சது குத்தமுன்னா, குடிச்சவங்க எல்லாரும் எழும்பட்டு. நானும் கூட நிக்கேன்.”

கோயிலில் விசிறிகள் நின்றுபோயின. முன் வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மிஸ்ஸியம்மா எழும்பி நின்றார். முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. என் பக்கம் திரும்பி, சபை முழுவதும் கேட்க, “அதில் என்ன சேர்க்கிறாய் என்று நான் உன்னை ஒருபோதும் கேட்கவில்லை. அது என் குற்றம்” என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தோம். வாரம் இரண்டு டம்ளர் குடித்த உபதேசியார் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடிக்கொண்டிருந்தார். அவர் தேடி முடிக்கும்வரை நான் உட்காரவில்லை.