பேசாத படத்தின் மேல் ஒரு பிராது

என் மகளை இரண்டரை வயது வரை பேசவிடாமல் வைத்திருந்தது எது, பிறகு பேசவைத்தது எது? இந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் என்னைத் தவிர எல்லோரிடமும் பதில் இருக்கிறது. எல்லோரையும்விட அதிகம் படித்தவள் நான்தான் என்பதால் இது எனக்குச் சங்கடமாகவும் இருக்கிறது.

என் கணவருக்குப் பீங்கான் கம்பெனியில் சூளை வேலை. விருத்தாசலத்தில் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: சூளையில் நெருப்பு ஏற்றிவிட்டால் இடையில் விட்டுவிட்டு வர முடியாது, இரவெல்லாம் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். அவர் விடிந்த பிறகு வந்து, குளித்து, சாப்பிட்டு, ஊர் முழுவதும் வேலை பார்க்கிற நேரத்தில் தூங்குவார். எங்கள் வீட்டில் ஒரு ஹால், ஒரு அறை, ஒரு சமையலறை. அறைக்குக் கதவு கிடையாது, திரைதான். திரைக்குப் பின்னால் அவர் தூங்க, திரைக்கு முன்னால் நானும் குழந்தையும் பகலைக் கழிக்க வேண்டும்.

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. அவருடைய தூக்கத்தைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்ததும் குக்கரை விசில் வருவதற்குள் இறக்கப் பழகினேன். குழந்தையின் கொலுசைக் கழற்றி வைத்தேன். அவள் 'ஆ' என்று ஆரம்பித்தால் உதட்டில் விரலை வைத்து, திரையைக் காட்டுவேன். மிகவும் புத்திசாலியான குழந்தை. சீக்கிரமே புரிந்துகொண்டாள்.

டிவி மட்டும்தான் எனக்குத் துணை. அதையும் சத்தத்தை முழுக்கக் குறைத்துத்தான் போட வேண்டும். சத்தமில்லாத சீரியலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது நகைக்கடை விளம்பரம் போலவே இருக்கும். நிறைய நகை போட்டுக்கொண்டு வரிசையாக நின்று வாயசைப்பார்கள். எதற்கு அழுகிறார்கள் என்று தெரியாது. செய்தியும் அப்படித்தான். வாசிக்கிறவர் முகத்தை வைத்து ஊருக்கு நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்க முடியாது.

இந்த நிலைமையில்தான் அந்த டிஸ்க் வந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சிடி கடையில் குழந்தைக்கென்று கார்ட்டூன் டிஸ்க் வாங்கிவந்தேன். அட்டையில் முயல் இருந்தது. உள்ளே இருந்தது கறுப்பு வெள்ளையில் ஒரு பழைய வெளிநாட்டுப் படம், பேச்சே இல்லாத காலத்துப் படம். ஒரு ஒல்லி ஆளின் தொப்பியைக் காற்று தள்ளிக்கொண்டு போகிறது. அவன் எடுக்கக் குனிகிறபோதெல்லாம் பின்னாலிருந்து ஓர் ஆடு வந்து முட்டுகிறது. முட்டி முடித்ததும் ஆடு வேறு பக்கம் பார்க்கிறது. அவன் திரும்பி ஆட்டைப் பார்க்கிறான், ஆடு புல்லைப் பார்க்கிறது. நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். மடியிலிருந்த குழந்தையும் வாயைத் திறந்து, தோள் குலுங்க, ஒரு சத்தமும் இல்லாமல் சிரித்தாள். அப்போது அது எனக்கு அழகாகத்தான் தெரிந்தது.

சத்தமில்லாமலே முழுதாகப் புரிகிற படம் என்று ஒன்று இருப்பது, எங்கள் வீட்டுக்காகவே யாரோ யோசித்துச் செய்தது மாதிரி இருந்தது. மறுபடி கடைக்குப் போய், "இதுல சத்தமே வரலைங்க" என்று ஆரம்பித்தேன். கடைக்காரர் முழுதும் கேட்காமல் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு, நல்ல டிஸ்க்காக ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அது வேண்டாம், பழையதையே கொடுங்கள், அது மாதிரி சத்தம் வராத டிஸ்க்குகளே இன்னும் வேண்டும் என்று விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

"சத்தம் வரலன்னு திருப்பிக் கொண்டாறவங்களத்தான் இதுவரைக்கும் பாத்திருக்கேன். நீங்க ஒரு தினுசா கேக்குறீங்களே" என்றார். ஆனால் தேடி எடுத்துக் கொடுத்தார். யாரும் வாங்காமல் கிடந்தவற்றுக்கு ஓர் ஆள் கிடைத்ததில் அவருக்கும் சந்தோஷம்தான்.

அந்த வருடம் நான் பார்த்த அளவுக்குப் படத்தை நான் எப்போதும் பார்த்ததில்லை. கல்லூரி நாட்களில் தியேட்டரில் பார்த்ததெல்லாம் படம் பார்த்ததே இல்லை, காதால் கேட்டதுதான் என்று தோன்றியது. பேச்சு இல்லாத படத்தில் கண்ணை எடுக்க முடியாது. கீரை ஆய்ந்துகொண்டே பார்க்க முடியாது. ஒருவருக்குக் கோபம் வருவது முகத்தில் தெரிவதற்கு முன் தோளில் தெரியும். ஒரு படத்தில் ரயில் நிலையத்தில் ஒரு பெண் காத்திருப்பாள். அவள் அழுவதே இல்லை. கையுறையின் ஒரு விரலை மட்டும் கழற்றுவாள், மாட்டுவாள், கழற்றுவாள். அந்த இடத்தை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. நடுநடுவே ஆங்கிலத்தில் எழுத்து வரும். அதை மகளின் காதில் தமிழில் முணுமுணுப்பேன். ஊமைப் படம் என்கிறோம், அதுவும் சரியில்லை. அவர்கள் ஓயாமல் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நமக்குத்தான் கேட்பதில்லை.

மகளும் பேசிக்கொண்டுதான் இருந்தாள், அவளுடைய முறையில். பசித்தால் காலித் தட்டைக் கவிழ்த்து, அதன் அடியில் எதையோ தேடுவாள். தூக்கம் வந்தால் நின்ற இடத்திலேயே மெதுவாகச் சரிவாள். கோபம் வந்தால் எனக்கு முதுகைக் காட்டி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவர் வரை நடந்து, அங்கே திரும்பி ஒரு பார்வை. எனக்கு எல்லாமே புரிந்தது. புரிந்ததால், வார்த்தை என்று ஒன்று வரவில்லை என்பதே எனக்கு உறைக்கவில்லை. அக்கம்பக்கத்தில் அதே வயதுப் பிள்ளைகள் சினிமாப் பாட்டே பாட ஆரம்பித்த பிறகுதான் பயம் பிடித்தது. பிடித்தபின் விடவில்லை.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் குனிந்து பெயர் என்ன என்று கேட்டார். என் மகள் அவருக்குப் பின்னால் தொங்கிய பச்சைத் திரையைப் பார்த்தாள். உதட்டில் விரலை வைத்தாள். திரையைக் காட்டினாள். டாக்டர் எழுந்து போய்த் திரையை விலக்கிப் பார்த்தார். காலிக் கட்டில்தான் இருந்தது.

காது நன்றாகக் கேட்கிறது என்றார். குழந்தையோடு நிறையப் பேச வேண்டும், டிவியைக் குறைக்க வேண்டும் என்றார். நாங்கள் டிவியில் சத்தமே வைப்பதில்லை சார் என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிடச் சொன்னார்.

பிறகு அண்ணி வந்தார். என் கணவரின் அக்கா, பெண்ணாடத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை ஆலையில் வேலை. கரும்பு லாரிகளின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல். டிவியில் ஆட்கள் வாயசைப்பதையும், அதற்கு முன்னால் நானும் குழந்தையும் சத்தமில்லாமல் குலுங்குவதையும் வாசலில் நின்றே பார்த்தார்.

"ஏம்மா, பேசாத படத்தப் போட்டுப் போட்டு காட்டுனா புள்ளைக்கு எங்கேருந்தும்மா பேச்சு வரும்? வூடா இருக்குது இது?" என்றார். திரைக்குப் பின்னாலிருந்து அவர் தம்பி இருமினார். அண்ணி உடனே குரலைத் தாழ்த்தி, அதே கேள்வியை ரகசியமாக மறுபடி கேட்டார். எங்கள் வீட்டுக்கு வருகிற எவரும் இப்படி ஆகிவிடுவார்கள்.

பேச்சு வருவதற்காக நாக்கில் தடவுகிற வசம்பு, தேன் எல்லாம் ஏற்கெனவே ஆகியிருந்தது. பிராது கட்டிவிடலாம் என்றார் அண்ணி. எங்கள் ஊருக்குப் பக்கத்து முருகன் கோயிலில் அது வழக்கம். குறை என்னவென்று, போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கிற மாதிரி தாளில் எழுதி சாமியிடம் கொடுப்பார்கள். கோயிலில் அதை முறைப்படி கட்டிவிடுவார்கள். காணாமல் போன மாட்டுக்கும், பங்காளிச் சண்டைக்கும், தீராத வயிற்று வலிக்கும் கட்டுவார்கள். குறை தீர்ந்ததும் போய்ப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும். வாபஸ் வாங்காமல் விடக் கூடாது.

கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து அண்ணி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "என் தம்பி வூட்டுப் பொட்டியில ஒரு படம் ஓடுது. அதுல வர்ற ஒருத்தரும் பேச மாட்டேங்கறாங்க. அதப் பாத்து எங்க புள்ளையும் பேச மாட்டேங்குது. சாமி நீதான் கேக்கணும்."

அவர்கள் பேசத்தான் செய்கிறார்கள், நமக்குக் கேட்பதில்லை அண்ணி என்றேன். சாமியிடம் தப்பாக எழுதக் கூடாதே.

"அப்படின்னா அதையும் சேத்து எழுது."

சேர்த்தேன். எழுதியதும் இன்னொன்று உறுத்தியது. படம் தானாக ஓடவில்லை, போட்டது நான். ஆகவே அதை எழுதினேன். நான் போட்டது அவர் தூங்குவதற்காக என்பதால் அதையும் எழுத வேண்டியிருந்தது. அவர் பகலில் தூங்குவது இரவு வேலையால். இரவு வேலை சூளையால். சூளையை இரவில் அணைக்க முடியாதது நெருப்பின் இயல்பால். தாளின் அடிப்பக்கம் வந்துவிட்டது. படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன்.

அண்ணி மோவாயில் கையை வைத்துக்கொண்டார். "சாமி இதுல யாரத்தாம்மா கூப்ட்டு கேக்கும்?"

வேறு தாள் இல்லாததால் அதையே கட்டிவிட்டு வந்தோம்.

பிராது கட்டியவருக்குப் பொறுப்பு இருக்கிறது என்று அண்ணி எங்கள் வீட்டிலேயே தங்கினார். படம் போடக் கூடாது என்று முதல் நாள் சொன்னார். பகல் முழுதும் ரகசியக் குரலில் பேசி அவருக்குத் தொண்டை கட்டியது. பொழுது போகவில்லை. கடைசியில், அப்படி என்னதான் இருக்கிறது பார்ப்போம், குற்றவாளியை நாமும் பார்த்திருக்க வேண்டாமா என்றார். ஆட்டுப் படத்தைப் போட்டேன்.

வாய் பேசாத ஆட்களை அண்ணியால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவர்களுக்குப் பதிலாக அவரே பேச ஆரம்பித்தார். நான் ஒரு வருடமாகப் பார்த்த மௌனமான முகங்கள் எல்லாம் திடீரென்று பெண்ணாடத்துக்காரர்கள் ஆகிவிட்டன. ரயில் நிலையத்துப் பெண்ணைப் பார்த்து, "அவன் வர மாட்டான்டி. பேசாம வூட்டுக்குப் போயி ஒல வையி" என்பார். ஒல்லி ஆள் தொப்பிக்குக் குனிகிறபோதெல்லாம், கட்டிய தொண்டையில், "குனியாதடா, பின்னாடி ஆடு நிக்குது" என்று எச்சரிப்பார். நான் ரசித்த அந்த அமைதி போயிற்று என்று உள்ளுக்குள் வருத்தம்தான். அவர் வீட்டுக்கு மூத்தவர், எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டேன்.

ஒருநாள் மதியம் அண்ணி டீ போட உள்ளே போயிருந்தார். படம் ஓடிக்கொண்டிருந்தது. தொப்பி உருண்டது. ஒல்லி ஆள் குனிந்தான். அண்ணியின் குரல் வரவில்லை. என் மகள் சமையலறைப் பக்கம் பார்த்தாள். டிவியைப் பார்த்தாள். ஆடு கிளம்பிவிட்டது. வேறு வழியில்லாமல் அவளே சொன்னாள்.

"குனியாதடா."

அண்ணியின் கட்டிய தொண்டை அப்படியே அவளிடம் இருந்தது. ஆனால் ரகசியமாகச் சொல்லவில்லை, தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். பழக்கதோஷத்தில் என் விரல் உதட்டை நோக்கிக் கிளம்பிவிட்டது. பாதி வழியில் இறக்கினேன். திரையை விலக்கிக்கொண்டு அவர் வெளியே வந்து, யார் அது என்று கேட்டார். அவர் கைலியைச் சரிசெய்யக் குனிந்ததும், இன்னொரு முறை சொன்னாள். அப்பாவை டா போட்டுப் பேசினாயே என்று யாரும் திட்டவில்லை. அவர் மறுபடி குனிந்து காட்டினார். அதன் பிறகும் குனிந்துகொண்டே இருந்தார். அன்றைக்கு அவர் தூங்கவில்லை.

சாமி கேட்டுவிட்டது என்றார் அண்ணி. எங்கள் குடும்பத்தில் ஆண் பெண் எல்லோருமே தாமதமாகத்தான் பேசுவோம், பிராது கட்டாவிட்டாலும் பேசியிருப்பாள் என்றார் என் கணவர். வசம்பு கொடுத்த பக்கத்து வீட்டம்மா வசம்பு என்றார். படத்தில் வந்த ஒருவனை ஆட்டிடமிருந்து காப்பாற்றத்தான் அவள் வாயைத் திறந்தாள் என்று நான் சொல்ல நினைத்தேன். ஆனால் அண்ணியின் குரல் இல்லாமல் அவளுக்கு வார்த்தை ஏது? படம் இல்லாமல் அண்ணி அப்படிப் பேசியிருப்பாரா? யோசித்துக்கொண்டே இருந்ததில் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஊருக்குத் திரும்பும்போது அண்ணி டிஸ்க்குகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். குழந்தை கண்ணில் படக் கூடாது, அதற்காகத்தான் என்றார். கையுறைப் பெண் இருக்கிற டிஸ்க் பையில் மேலாகவே இருக்கிறதா என்று பஸ் ஏறும் முன் ஒருமுறை பார்த்துக்கொண்டார். ஆட்டுப் படத்தை மட்டும் நான் கொடுக்கவில்லை. பீரோவின் மேல் வைத்திருக்கிறேன்.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வகுப்பில் வாயை மூடுவதில்லை, வீட்டில் கொஞ்சம் சொல்லி வையுங்கள் என்று டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். வாபஸ் வாங்காத பிராதுதான் இப்படித் திரும்பி வேலை செய்கிறது என்பது அண்ணியின் கருத்து. உண்மைதான், நான் இன்னும் வாங்கவில்லை. மண்டபம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பியிருக்கிறேன். வாபஸ் என்றால் எதிராளி மேல் இனிமேல் குறையில்லை என்று சொல்ல வேண்டும். அந்தத் தாளில் படம், நான், அவர், சூளை, நெருப்பு என்று ஆள் நிறைய. யார் மேல் குறையில்லை என்று சொல்வது? மற்றவர்கள் மேல் இருக்கிறது என்று அர்த்தமாகிவிடாதா?

இப்போது எங்களுக்கு ஒரு மகன். ஒன்றரை வயது ஆகிறது. அவர் இன்னும் இரவு வேலைக்குத்தான் போகிறார். திரையும் அதே திரைதான். மகன் இன்னும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இது பயப்படுகிற வயது இல்லை என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. பயப்படாமல்தான் இருக்கிறேன், பகலில் பல தடவை. நேற்று அவன் பீரோவுக்கு முன்னால் நின்று, மேலே பார்த்து, அக்கா அந்த வயதில் கோபத்தில் செய்த மாதிரியே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். அப்படிக் கட்டிக்கொள்ள அவனுக்கு நான் சொல்லித் தந்ததில்லை.

படித்தவர்கள், பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது எனக்குச் சொல்லுங்கள். அந்த டிஸ்க்கை இறக்கலாமா? இறக்கினால், அண்ணி வருகிற வரைக்கும் அந்த ஒல்லி ஆளுக்காக நான் பேச வேண்டுமா, சும்மா இருக்க வேண்டுமா?