முதுகில் ஒரு செம்மண் கோடு

போன வியாழக்கிழமை காலை. குரங்கணி ரோட்டிலிருந்து திரும்பி வந்து சைக்கிளை நிறுத்தியதும் என் மனைவி சொன்னாள்: “நாளையிலருந்து நான் வரலைங்க. நீங்க மட்டும் போயிட்டு வாங்க. எனக்கு வீட்ல சோலி கெடக்கு.”

எனக்குத் திக்கென்றது.

தினமும் காலையில் ஜோடியாகச் சைக்கிளில் போகிற அந்த ஒரு மணி நேரம்தான் எங்கள் இருவருக்கு மட்டுமான நேரம். போடியைத் தாண்டினால் மாந்தோப்பு, சாரல், மலையிலிருந்து இறங்கி ரோட்டைத் தொடுகிற மேகம்... ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பு கடந்த பிறகு ஒரு சத்தமும் இருக்காது. விழித்துவிட்டோமா, இன்னும் கனவுதானா என்றே தெரியாது. அங்கே நான் மட்டுமா?

யோசித்துப் பார்த்தால், ஒரு வாரமாகவே அவள் சரியில்லை. இருபதடி தள்ளித்தான் வருவாள். நான் முன்னால் பேசிக்கொண்டே போவேன் – பின்னாலிருந்து ஒரு ‘உம்’ கூட வராது. என்ன கோபம்? கல்யாண நாளை மறந்தேனா? மச்சினனைப் பற்றி ஏதாவது உளறினேனா?

கேட்டேவிட்டேன்.

“கோவமா? உங்க பின்னாடி வந்து பாருங்க, தெரியும். வாயத் தொறந்தா சேறுல்ல உள்ள போகுது!”

துப்பட்டாவை விரித்துக் காட்டினாள். முழுக்கச் செம்மண் புள்ளிகள். என் சட்டையையும் கழற்றச் சொன்னாள். இடுப்பிலிருந்து கழுத்து வரை ஒரே கோடு! சட்டையைப் பார்க்காமலே வாளியில் போடுகிறவன் நான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்?

ஸ்டைலாக இருக்கிறதே என்று ஜோடியாக வாங்கிய கியர் சைக்கிள்கள். மட்கார்டு கிடையாது. சாரல் தொடங்கியபோதும் நான் கவலைப்படவில்லை. முன்னால் போகிறவனுக்கு ரோடு எப்போதும் சுத்தமாகத்தான் தெரியும்.

அன்று மாலையே இரண்டு சைக்கிளுக்கும் பிளாஸ்டிக் மட்கார்டு வாங்கி வந்தேன். “பத்து நிமிஷ வேலைண்ணே” என்றார் கடைக்காரர். என் மெக்கானிக் திறமை என் மனைவிக்குத் தெரியும், அவருக்குத் தெரியாதே! வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டேன். நட்டு ஒன்று உருண்டு செருப்புகளுக்கு நடுவே ஒளிந்துகொண்டது. கம்பியை இந்தப் பக்கம் முறுக்கினால் அந்தப் பக்கம் மட்கார்டு டயரில் உரசி ‘சர் சர்’ என்றது.

அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “விடுங்க, நான் புடிச்சுக்கிறேன். நீங்க வெரசா முறுக்குங்க.”

முறுக்கினேன். சக்கரத்தைச் சுற்றிவிட்டோம். உரசல் இல்லை. அது தானாக நிற்கும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஏனோ எழுந்திருக்கவே தோன்றவில்லை. என் சைக்கிள் முடிவதற்குள் இருட்டிவிட்டது. அவளுடையதை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்தோம்.

மறுநாள் அவள் வந்தாள்! ஒட்டியே வந்தாள். ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்த பேச்சு மொத்தமும் வந்தது. திரும்பும்போது, இறக்கத்தில், என்ன நினைத்தாளோ... மணியடித்துவிட்டு என்னை முந்தினாள். “அந்தா பாருங்க, மேகம் நம்ம கூடவே எறங்கி வருது!”

அவள் சைக்கிளில்தான் இன்னும் மட்கார்டு இல்லையே. சொத்தென்று என் மூக்கில் விழுந்தது முதல் துளி.

பின்தங்கியிருக்கலாம். மனசு வரவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில், அவள் பேசியதைக் குறுக்கே பேசாமல் முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான்.