சித்திரைச் சூரியன்

அந்த ஜோசியர் சிராங்கூன் சாலையில் ஒரு கடைவாசலில் உட்கார்ந்திருப்பார். நெற்றி நிறையத் திருநீறு. எதைக் கேட்டாலும் முதலில் பேனாவால் காது குடைவார்.

ஸ்காட்லாந்திலிருக்கும் என் மகளுக்குச் சித்திரையில் பிரசவம். அங்கே குளிர்காலம் முழுக்க வெயில் படாமல் சுமந்து, வசந்தத்தில் பெறும் பிள்ளைக்குப் பின்னாளில் மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்ற நரம்பு நோய் வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதலாம். இதை எங்கோ படித்துவிட்டுப் போனில் அழுதாள்.

“சித்திரையில சூரியன் உச்சம்லா! எதுக்கும்மா பயம்?” என்றார் ஜோசியர்.

“கட்டத்துல உச்சம்தாங்க. அங்க நாலு மாசமா வெளியவே வரலையாம்.”

காது குடைவதை நிறுத்திப் பஞ்சாங்கத்தை மூடினார்.

“நான் கிரகம் பாக்கறவன்மா. மேகம் எனக்குத் தெரியாது. வைட்டமின் டி வேணுமான்னு டாக்டரக் கேக்கச் சொல்லுங்க.”

முருகன் அருளால் பேத்தி நலமாகப் பிறந்தாள். ஜாதகம் எழுத அவரிடமே போனேன். பிறந்த நேரத்தைக் கேட்பார் என்று பார்த்தால், “அங்க இப்பவாச்சும் வெயில் அடிக்குதாம்மா?” என்றார்.