நஸ்ரியாவின் இருபது அட்டைகள்

நஸ்ரியாவின் இரண்டு கையிலும் மைதாப் பசை. பனியன் பெட்டியின் அட்டையைச் சதுரமாக வெட்டி, முதுகில் ரவிக்கைத் துணி ஒட்டி, ஓரத்தை முன்பக்கம் மடித்து நீவிக்கொண்டிருந்தாள். முன்பக்கம் நடுவில் கறுப்பு மையில் ஒரே ஒரு சொல்: கல், பல், மரம், கடல். இப்படி இருபது அட்டை, இருபது விதத் துணி. பிய்ந்துபோன ஒன்றுக்கு அதே பூப்போட்ட துணியைத் தேடிப்பிடித்து மறுபடி ஒட்டினாள்.

உக்கடத்தில் அவள் வீட்டுக்கு எதிரிலேயே அங்கன்வாடி. அவள்தான் டீச்சர். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த அவளைப் பெற்ற அத்தா அப்துல் மஜீதைப் பார்த்துக்கொள்ளப் போனவள் நான். நஸ்ரியாவுக்கு முப்பத்தெட்டு வயது. கல்யாணம் ஒன்று நடந்து, முடிந்தும் போயிருந்தது. கேட்டால், அது மூன்று மாதக் கோர்ஸ், பாஸாகவில்லை என்பாள்.

மறுநாள் அம்மாக்கள் வருவதாக இருந்தது. தெருமுனையில் டை, ஷூவோடு ஒரு நர்சரி திறந்திருந்தார்கள். பிள்ளைகள் வாசிப்பதைப் பார்ப்பது, தேறவில்லை என்றால் ஆறு பேரை அங்கே மாற்றிவிடுவது என்று தையல்கடை சாஜிதா பேகம் தலைமையில் முடிவாகியிருந்தது. ஆறு பேர் போனால் மையத்தை வேறொன்றோடு சேர்த்துவிடுவார்கள். நஸ்ரியாவை அன்னூர்ப் பக்கம் போடுவார்கள். படுக்கையில் கிடக்கும் அத்தாவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியுமா?

ஆனால் அவளிடம் துளிக் கவலை இல்லை. எல்லாப் பிள்ளைகளும் இருபது சொல்லையும் வாசிக்கிறார்கள் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

அன்று சாயங்காலம் கஞ்சி டம்ளரில் ஈ மொய்த்தது. கைக்கு எட்டிய ஒரு அட்டையை எடுத்து, துணிப்பக்கம் மேலே இருக்க மூடிவைத்தேன். அம்மா கடையை அடைக்கும்வரை அங்கே விளையாடும் நிலோஃபர், சாஜிதாவின் ஐந்து வயது மகள், அதைப் பார்த்தபடியே போனாள்.

"மரமுங்க" என்றாள்.

எடுத்துத் திருப்பினேன். மரம் என்றுதான் எழுதியிருந்தது.

மற்ற அட்டைகளையும் கவிழ்த்துப் போட்டேன். எழுத்து தரையைப் பார்த்துக் கிடந்தது, பிள்ளை மேலிருந்து வாசித்தாள். இருபதுக்கு இருபது. நஸ்ரியா முதலில் பூரித்துப்போனாள். பிறகு பசைக்கையோடு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"இவளுக்கு எழுத்துத் தெரியல அம்மணி, துணி தெரியுது" என்றேன். "பேசாம ஜவுளிக்கடைல சேர்த்துவுடு."

கட்டிலில் மஜீது பாய் சிரித்த சிரிப்பில் கஞ்சி மூக்கேறிவிட்டது. அவரை நிமிர்த்தி முதுகைத் தட்டிவிட்டு, நாளைக்கு இதையே காட்டு, எவளுக்குத் தெரியப்போகிறது என்று யோசனை சொன்னேன். எனக்கு வேலை நடந்தால் சரி.

"எல்லாம் சாஜிதாக்கா கடைத் துணிங்க" என்றாள் நஸ்ரியா. "அவங்களுக்கே இந்த இருபதும் வாசிக்க வருமுங்க."

அட்டைகளைப் பொறுக்கி அடுக்கி ஓரமாக வைத்தாள். "தெரியாட்டியும் நானு காட்டமாட்டேனுங்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

மறுநாள் காலை மஜீது பாய்க்கு உடம்பு துடைத்துப் படுக்கவைத்துவிட்டு நானும் எதிரே போய் நின்றேன். நஸ்ரியா அம்மாக்களிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். இரண்டு பேர் சிரித்தார்கள், சாஜிதா சிரிக்கவில்லை. பிறகு நஸ்ரியா தரையில் சாக்பீஸால் ப, க, ல் என்று மூன்றெழுத்து எழுதி நிலோஃபரைக் கூப்பிட்டாள். அட்டையில் இல்லாத சொல். பிள்ளை துணியைத் தேடுவதுபோலச் சுற்றிலும் பார்த்தாள்.

நஸ்ரியா ஒவ்வொரு எழுத்தின் கீழும் விரலை வைத்தாள், வாயைத் திறக்கவில்லை. ப. க. ல். பிள்ளை வாயிலிருந்து மூன்றும் தனித்தனியாக விழுந்தன. மறுபடியும் அப்படியே. மூன்றாம் முறையும் அப்படியே. ஒரு அம்மா மணி பார்த்தாள். நாலாம் முறை விரல் நிற்காமல் ஒரே இழுப்பாகப் போயிற்று. பிள்ளையின் வாயும் அதன் பின்னாலேயே போயிற்று.

"பகலுங்க."

"இதை எங்கடி பார்த்தே?" என்றாள் சாஜிதா.

"இங்கதாம்மா, தரைல."

சாஜிதா மகளின் பையை அங்கன்வாடிச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டுக் கடை திறக்கப் போனாள். மற்ற அம்மாக்களும் பிள்ளைகளை விட்டுவிட்டுப் பின்னாலேயே கலைந்தார்கள். நஸ்ரியா அழித்துவிட்டு அடுத்த சொல்லை எழுதினாள். இருபது அட்டையையும் நான் கேட்டு வாங்கிவந்து, மஜீது பாயின் ஆடிக்கொண்டிருந்த கட்டில் காலுக்கு முட்டுக்கொடுத்தேன்.